டிஸ்சார்ஜ் அன்று ‘நன்றி வீடியோ’ கேட்கச் சொல்கிறார்கள் – டாக்டர், நர்ஸ் நண்பர்கள் என்ன செய்கிறீர்கள்?

வைகைக்கரை_டியூட்டி:
வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன், அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். ஊர் பெயர் கேட்காதீர்கள். கொஞ்ச நாளாக நிர்வாகத்துக்கு ரீல்ஸ் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியை வைத்திருக்கிறார்கள், அவர்கள் யோசனைப்படி இப்போது புது உத்தரவு. டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளி ஒவ்வொருவரிடமும், பில் கட்டப் போவதற்கு முன்னால், “என்ன கஷ்டத்தோடு வந்தீங்க, இப்ப எப்படி இருக்கீங்க, டாக்டரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டு ஒரு நிமிட வீடியோ எடுக்க வேண்டும். இதற்கு நன்றி வீடியோ என்று பெயர். கேமரா பிடிப்பது ஏஜென்சி பையன், ஆனால் கேட்பது மட்டும் நானோ வார்டு சிஸ்டரோதானாம். வெளியாள் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், நாங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த ஒரு வரியில்தான் எனக்கு உறுத்தல் ஆரம்பித்தது.

முகம் காட்டத் தயங்கினால் முதுகுப் பக்கமாக எடுக்கலாம், ப்ளர் போடலாம், ஸ்கேன், எக்ஸ்ரே, வெட்டி எடுத்த கட்டி எல்லாம் போடலாம், பெயர் இல்லாத வரை சட்டப்படி எதுவும் ஆகாது என்கிறார்கள். நிஜமா? என்.எம்.சி. (தேசிய மருத்துவ ஆணையம்) தடை போட்டது என்று ஒருத்தர் சொல்கிறார், அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்று இன்னொருத்தர் சொல்கிறார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரும் நிலையிலும் நான் இல்லை. பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், சம்பளம் வேண்டும்.

ஊசிக்காரி:
டாக்டர், நான் ஜி.எச். ஸ்டாஃப் நர்ஸ், அதற்கு முன்பு தனியாரில் இருந்தவள். பில் கட்டும் முன்பு கேட்கச் சொன்னார்கள் பாருங்கள், அதிலேயே எல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தில் நோயாளி வீட்டார் மனதில் ஓடுவது ஒன்றுதான், பில்லில் கொஞ்சம் குறைப்பார்களா. அதோடு பத்து நாளில் தையல் பிரிக்க உங்களிடமேதான் திரும்பி வர வேண்டும். இந்த நிலையில் யார் முடியாது என்பார்கள்? பெரிய டாக்டர் கேட்டதும் அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்துவிடும். டாக்டர் மேல் உள்ள மரியாதைக்கு அப்படிச் செய்கிறார்கள், அதைச் சம்மதம் என்று பேப்பரில் எழுதிக்கொள்வது நாம்.

இன்னொன்று, இதில் மாட்டுவது பெரும்பாலும் சிஸ்டர்தான். நாளைக்கு வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டால் “அந்த நர்ஸ்தானே எடுக்கச் சொன்னாள்” என்பார்கள்.

விளம்பரப்பையன்:
நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், இரண்டு ஆஸ்பத்திரி பேஜ் பார்த்துக்கொள்கிறேன். கல்லெறியும் முன்பு எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். பெரிய நகரத்துக் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேனர் கட்டுகின்றன, எஃப்.எம்.மில் பேசுகின்றன, இலவச முகாம் போட்டு ஆளைக் கூட்டிப்போகின்றன. முப்பது நாற்பது பெட் வைத்திருக்கிற ஒரு டாக்டர் வங்கிக் கடன் கட்ட என்ன செய்வார்? நோயாளி உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் பேசுகிறார். சில பேர் வீடியோ எப்போது வரும் என்று போன் செய்து கேட்கிறார்கள், ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். எல்லாரையும் ஏதோ கட்டாயப்படுத்தி உட்கார வைத்த மாதிரி பேசுவது நியாயம் இல்லை. அப்புறம், வேலை செய்வது இதுதான். ‘டெங்குவைத் தடுப்பது எப்படி’ என்று போட்டால் நானூறு பேர் பார்ப்பார்கள். நடக்க முடியாமல் வந்த பாட்டி நடந்து போவதைப் போட்டால் ஊரே பார்க்கும்.

கருப்புக்கோட்டு:
வக்கீல். குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய தொழில்நடத்தை விதிமுறைகளை அறிவித்தது. அதில் சமூக ஊடகத்துக்கென்றே தனிப்பகுதி இருந்தது. நோயாளியின் படம், ஸ்கேன் படம் போடக் கூடாது, அறுவை சிகிச்சை வீடியோ கூடாது, குணமானவர் நன்றி சொல்வதைப் போடக் கூடாது, லைக்கும் ஃபாலோயரும் காசு கொடுத்து வாங்கக் கூடாது, பொதுவெளியில் தனி ஆளுக்கு மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அதே விதிமுறையில் மருந்தைக் கம்பெனி பிராண்டில் இல்லாமல் ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்றும் இருந்தது, மருந்துக் கம்பெனி ஆதரவில் நடக்கும் கருத்தரங்குகளுக்குக் கட்டுப்பாடும் இருந்தது. சண்டை வெடித்தது அதற்காக. மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 23 அன்று, மொத்தத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். சமூக ஊடகப் பகுதியை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை, கூட்டத்தோடு கூட்டமாக அதுவும் போனது.

சரி, அப்படியானால் இப்போது எதுவும் இல்லையா? மருத்துவர்களுக்கு முன்பே இருந்த 2002 தொழில்நடத்தை விதிமுறைகள் மறுபடி உயிரோடு இருக்கின்றன. அதில் விளம்பரத்தைப் பற்றிய 6.1-ஐ எடுத்துப் படியுங்கள், டாக்டர். தான் பார்த்த நோயாளிகள், செய்த ஆபரேஷன்கள், குணப்படுத்தியவை பற்றி ஒரு மருத்துவர் தம்பட்டம் அடிக்கக் கூடாது, அப்படி வெளியிட மற்றவரை அனுமதிக்கவும் கூடாது, எந்த வழியிலும். 2002-இல் இன்ஸ்டாகிராம் கிடையாது, ஆனாலும் ‘எந்த வழியிலும்’ என்பதற்குள் எல்லாம் அடங்கிவிடும். நன்றி வீடியோ இதில் நேராக விழுகிறது.

ஆனால் ஒரு ஓட்டை. இந்த விதிகள் பதிவு பெற்ற மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், மருத்துவமனை என்கிற கம்பெனியை அல்ல. அதனால்தான் பேனரில் கட்டடம் சிரிக்கிறது, நோட்டீஸ் வந்தால் டாக்டருக்கு வருகிறது. உங்கள் முகமும் குரலும் அந்த வீடியோவில் இருந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் போகும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஏஜென்சிக்காரர் எந்தக் கவுன்சிலிலும் பதிவு செய்தவர் இல்லை.

பெயர் இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்பதும் அந்த 2002 விதியிலிருந்து வந்த பாதி உண்மைதான். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ கேஸ் விவரத்தையோ அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது, அடையாளம் தெரியாது என்றால் அனுமதி தேவையில்லை என்று அதில் இருக்கிறது. அது மருத்துவ இதழ்களை மனதில் வைத்து எழுதினது. சேலத்து நோயாளியின் எக்ஸ்ரேயை ஏதோ ஒரு நாட்டு இதழில் யார் அடையாளம் காண்பார்கள்? உங்கள் பேஜைப் பார்ப்பவர்கள் அவருடைய தெருக்காரர்கள்.

பழைய_ஸ்டெத்:
தம்பி, நான் அரசுப் பணியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் தினசரியில் ‘டாக்டர் இன்னார் வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிவிட்டார், வழக்கம்போல் நோயாளிகளைப் பார்ப்பார்’ என்று சின்னக் கட்டத்தில் போடுவார்கள், ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும். அதற்குக் காரணமே அந்த விதிதான். கிளினிக் தொடங்கியது, இடம் மாறியது, ஊரில் இல்லாதது, திரும்பி வந்தது, கட்டண விவரம் இந்த மாதிரி சில விஷயங்களைத்தான் பத்திரிகையில் அறிவிக்கலாம். வெளிநாடு போய் வந்ததைச் சொல்லிக்கொள்ள அதில் ஒரு சந்து கண்டுபிடித்தவர்கள் நம் ஆட்கள். ஆக, இந்த ஆசை புதிது இல்லை.

வக்கீல் சொன்ன கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ப்ளர் போட்டால் சென்னையில் ஒருவேளை மறையலாம். தாலுகா ஊரில் மறையவே மறையாது. ‘பதினான்கு வருஷம் கழித்து இரட்டைக் குழந்தை’ என்று தலைப்பு வைத்துவிட்டு முகத்தை மட்டும் மறைத்து என்ன பயன், அந்த வட்டாரத்தில் அப்படி ஒருத்தர்தான் இருப்பார். கையில் பச்சை குத்தியது, கழுத்துத் தழும்பு, பேச்சு, கூட நிற்கிற மாமியார், சட்டையில் இருக்கிற மில் பெயர் என்று எதை எதை மறைப்பீர்கள். சாலை விபத்து என்றால் தேதி ஒன்றே போதும், அன்றைக்கு பேப்பரிலேயே பெயர் வந்திருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் மறைத்தாலும் கமெண்டில் ஒரு உறவுக்காரர் வந்து “அட நம்ம பெரியகுளத்து சித்தி” என்று எழுதிவிட்டுப் போவார், அன்போடுதான் எழுதுவார்.

மகள்_ஒருத்தி:
மருத்துவத் துறை இல்லை, ஆனால் இந்த இழையில் எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாக நடந்தது, டாக்டர் மேல் இன்றைக்கும் குறை இல்லை. டிஸ்சார்ஜ் அன்று நான் பில் கவுண்டரில் நிற்கும்போது மேலே வார்டில் அம்மாவைப் பேச வைத்து எடுத்திருக்கிறார்கள். அம்மா வெள்ளந்தியாக எத்தனை வருஷமாக உதிரப்போக்கு, எத்தனை துணி மாற்றினேன், கோயிலுக்குப் போக முடியாமல் இருந்தது என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் சொல்கிற மாதிரி. அதற்கு மேலே பின்னணி இசை, கீழே அப்பாயின்ட்மென்ட் நம்பர்.

எங்களுக்குத் தெரிந்தது அப்பாவின் கடைக்கு வந்த ஒருவர் போனில் காட்டியபோதுதான். அப்பா ஒரு வாரம் கடை திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் ஒரு பேப்பரை எடுத்து நீட்டுகிறார்கள், அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. அட்மிஷன் அன்று போட்ட கத்தை கையெழுத்தில் அதுவும் ஒன்று. ஆங்கிலத்தில். அம்மா எட்டாவது வரை தமிழில் படித்தவர். ‘நோயாளியே சந்தோஷமாகப் பேசினார்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், சந்தோஷமாகத்தான் பேசியிருக்கிறார். அது எங்கே போகிறது என்று தெரியாது, அவ்வளவுதான்.

விளம்பரப்பையன்:
இதற்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. அட்மிஷன் ஃபார்முக்குள் வீடியோ சம்மதத்தைச் செருகுவது பல இடங்களில் நடக்கிறது, அது தவறு. ஆனால் அதற்காக ஆஸ்பத்திரி ஆன்லைனிலேயே இருக்கக் கூடாது என்று முடித்துவிடாதீர்கள்.

கருப்புக்கோட்டு:
சகோதரி, அந்தப் பேப்பர் நிற்காது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சுதந்திரமாகக் கொடுத்ததாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, விஷயம் புரிந்து கொடுத்ததாக, நிபந்தனை இல்லாததாக இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். நோயாளி விரும்பும் இந்திய மொழியில் படிக்கவும் வழி இருக்க வேண்டும். அந்தச் சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, ஆனாலும் 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகு எந்த நீதிமன்றமும் அட்மிஷன் கத்தைக் கையெழுத்தை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாது. சில நோய்களுக்குத் தனிச்சட்டமே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், எச்.ஐ.வி. சட்டம், இரண்டும் 2017-தான். இவற்றில் நோயாளியின் விவரம் வெளியே போனால் பேச்சே வேறு.

ஃபைனல்_இயர்:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் ஒரு கேள்வி. நோயாளி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் கோட் போட்டுக்கொண்டு ஒரு பாட்டுக்கு ஆடினால்கூட நோட்டீஸ் வருகிறதே? கர்நாடகாவில் கதக் மருத்துவக் கல்லூரியில் 2024 பிப்ரவரியில் ரீல்ஸ் எடுத்ததற்காக 38 மாணவர்களுக்குப் பயிற்சியைப் பத்து நாள் நீட்டித்தார்கள். அதே சமயத்தில்தான் சித்ரதுர்காவில் ஒரு ஒப்பந்த டாக்டர் ஆபரேஷன் தியேட்டரிலேயே திருமணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் எடுத்து வேலையை இழந்தார். அவரைச் சொல்லவில்லை, அது பைத்தியக்காரத்தனம். எங்களுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று. எல்லாருக்கும் இன்ஸ்டா இருக்கிறது, எங்களுக்கு மட்டும் கூடாதா?

ஊசிக்காரி:
தம்பி ஆடு, ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஆடு, யார் வேண்டாம் என்றது. வார்டில் ஆடினால் பின்னால் படுத்திருக்கிற ஆளுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருக்கும், அவர் பெட்ஷீட் விலகியிருக்கும், அவர் மகன் வெளியே ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருப்பான். கதக்கிலும் எடுத்தது ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் என்பதுதானே விஷயம்.

பழைய_ஸ்டெத்:
அந்தப் பையன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்களுக்கான ஒரு இதழில் 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. இளம் மருத்துவர்களின் சமூக ஊடகக் கணக்குகளை நோட்டம்விட்டு எது ஒழுக்கமற்றது என்று பட்டியல் போட்டார்கள், கடற்கரையில் நீச்சலுடைப் படம் போட்டதும் அதில் வந்துவிட்டது. உலகம் முழுக்க பெண் மருத்துவர்கள் நீச்சலுடைப் படமாகப் போட்டுத் தள்ளினார்கள், இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தொழில் ஒழுக்கம் என்ற பேரில் பெரியவர்கள் தங்கள் ரசனையைத் திணிப்பதும் நடக்கும். டாக்டரின் விடுமுறை, சமையல், அரசியல் எல்லாம் அவர் சொந்த விஷயம், அரசு ஊழியராக இருந்தால் மட்டும் 1973 தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். நான் கோடு போடுகிற இடம் நோயாளியின் கட்டில்.

லீட்ஸ்_நர்ஸ்:
இங்கே இங்கிலாந்தில் எங்கள் நர்சிங் கவுன்சில் நெறிமுறையிலேயே சமூக ஊடகம் என்று பெயர் சொல்லி ஒரு வரி இருக்கிறது, மற்றவர் அந்தரங்கத்தை மதித்து எப்போதும் பொறுப்போடு பயன்படுத்து என்று. மருத்துவர்களுக்கும் அவர்கள் கவுன்சில் 2024 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டுதல் இருக்கிறது. நடைமுறையில் நாங்கள் படம் எடுப்பதே கிடையாது. ஆனால் இங்கே எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், பிரேக் ரூமில் உட்கார்ந்து ‘இன்றைக்கு ஒரு நோயாளி என்ன செய்தார் தெரியுமா’ என்று கேலியாகப் போடுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அட்லாண்டாவில் பிரசவ வார்டு நர்ஸ் நான்கு பேர் 2022 டிசம்பரில் டிக்டாக்கில் கர்ப்பிணிகள் செய்யும் எரிச்சலான விஷயங்கள் என்று சொல்லிச் சிரித்து வேலையை இழந்தார்கள். ஒருத்தர் பெயரும் அவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் அங்கே பிரசவத்துக்குப் போகிற பெண் அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்?

கிராமச்செவிலி:
எல்லாரும் ரீல்ஸைப் பேசுகிறீர்கள். வாட்ஸ்அப் குரூப்பை யாரும் பேசவில்லையே.

நான் வி.எச்.என்., அதாவது கிராமச் சுகாதாரச் செவிலியர். ஒரு நாள் எங்கள் குரூப்பைத் திறந்து பாருங்கள். ஏ.என். மதர் (கர்ப்பிணி) வீட்டுக்குப் போனதற்கு லொகேஷனோடு போட்டோ வேண்டும், முகம் தெரிய. ஹை ரிஸ்க் மதர் லிஸ்ட் பெயர், வயது, கணவர் பெயர், பிக்மி நம்பர் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்), போன் நம்பர், ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, எத்தனையாவது பிள்ளை என்று எக்செல் ஷீட்டாக வரும். குரூப்பில் டாக்டர், செக்டர் நர்ஸ், டேட்டா என்ட்ரி, வண்டி டிரைவர், மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆனவர்கள் வரை எல்லாரும் இருப்பார்கள். போட்டோ போடவில்லை என்றால் போகவில்லை என்று அர்த்தம், மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்பார்கள். நாங்கள் எங்கே போய் நோயாளியின் அந்தரங்கம் என்று பேசுவது?

ஒரு தடவை பதினேழு வயதுப் பெண், கர்ப்பம். அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் படமும் குரூப்பில் வந்துவிட்டது. ‘உடனே ஃபாலோ செய்யவும்’ என்று நல்ல எண்ணத்தில் போட்டதுதான். சாயந்திரம் அந்த ஊர் டீக்கடையில் விஷயம் இருந்தது.

கருப்புக்கோட்டு:
அம்மா, நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே ஆபத்தான விஷயம். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ, குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம். தகவல் சொல்ல வேண்டிய இடம் போலீஸ், அதைச் சொல்லியே ஆக வேண்டும். மற்றபடி அந்தப் பிள்ளையின் அடையாளம் யாருக்கும் போகக் கூடாது, வெளியிட்டால் அது தனிக் குற்றம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட மருத்துவரின் பெயரையும் படங்களையும் நாடே பகிர்ந்துகொண்டிருந்தது, கோபத்தில், ஆதரவாகத்தான். உச்ச நீதிமன்றம் தலையிட்டு எல்லா சமூக ஊடகத்திலிருந்தும் அவற்றை எடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. அதைப் பகிர்ந்தவர்களில் டாக்டர்களும் நிறைய.

ஊசிக்காரி:
கிராமச்செவிலி அக்கா சொன்னது எங்களுக்கும் பொருந்தும். ராத்திரி கேஷுவாலிட்டியில் நெஞ்சுவலி வந்தால் ஈ.சி.ஜி.யைப் படம் எடுத்து கார்டியாலஜி சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் உயிர் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அந்த ஒரு சாருக்கு அனுப்பினால் போதும், நாற்பது பேர் குரூப்பில் போட வேண்டியதில்லை. பேப்பர் மேலே எழுதின பெயரை மடித்துவிட்டு எடுக்கலாம், கேஸை ஐ.பி. நம்பரோடு (உள்நோயாளி எண்) போனில் சொல்லிக்கொள்ளலாம். எக்ஸ்ரே, ஸ்கேனில் மூலையில் பெயர், வயது, நம்பர், தேதி பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. மறைக்கிறேன் என்று போனில் இருக்கிற மார்க்கரால் கிறுக்குகிறார்கள், அது பாதி ஊடுருவித் தெரிகிற மை, வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே இருக்கிற எழுத்து வந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதுதான் சரி. அப்புறம் வாட்ஸ்அப் படங்கள் தானாக கேலரிக்குப் போகும், அங்கிருந்து கிளவுடுக்கு. எங்கள் டாக்டர் ஒருவரின் வீட்டில் குழந்தை டிவியில் போட்டோ போட்டுப் பார்க்கும்போது நடுவில் அழுகின கால் வந்து நின்றது. அந்த செட்டிங்கை அணைக்க ஒரு நிமிஷம் ஆகாது.

பல்லாண்டு:
பல் டாக்டர். எங்கள் தொழிலில் ‘முன்–பின்’ படம் இல்லாத பேஜே கிடையாது, ஒழுங்காக இருக்கிற ஆள் பைத்தியக்காரனாகத் தெரிகிறான். என் கிளினிக்கில் பல்லை மட்டும் க்ளோஸப்பாக எடுப்பேன், அது சிகிச்சைப் பதிவுக்கு, வெளியே போகாது. நோயாளிக்குக் காட்டி விளக்க மாடல் பல் இருக்கிறது, ஆன்லைனிலும் அதையே காட்டுகிறேன். ரீச் குறைவுதான். ஆனால் பதில் சொல்லி மாளாத தலைவலி ஒன்று உண்டு, கமெண்டில் “சார் கடவாய்ப்பல் வலி, என்ன மாத்திரை போடலாம்” என்று வரும். அதற்கு என்ன செய்கிறீர்கள் எல்லாரும்?

பழைய_ஸ்டெத்:
மாத்திரை பெயர் எழுதவே எழுதாதீர்கள். அவருக்கு அல்சர் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி, கர்ப்பமா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அவருக்கு எழுதியதை இன்னும் இருநூறு பேர் படித்துவிட்டு மெடிக்கலுக்குப் போவார்கள். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இருக்கிறதே, போனிலோ வீடியோவிலோ வாட்ஸ்அப்பிலோ கூட பார்க்கலாம், ஆனால் நோயாளி யார் என்று உறுதி செய்து, தனியாக, பதிவு வைத்துக்கொண்டு. கமெண்ட் பெட்டி அதற்கான இடம் இல்லை. நான் ‘நேரில் காட்டுங்கள், இல்லையென்றால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்’ என்று ஒரே வரியை ஒட்டிக்கொண்டே இருப்பேன்.

அதே நேரம், தம்பி, வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஆகாது. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அந்த மாதிரி வீடியோக்களுக்கு எதிரில் நல்ல தமிழில் பேசுகிற ஒரு மகப்பேறு மருத்துவரின் வீடியோ அவர்கள் கண்ணில் பட்டிருக்குமா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எலி மருந்தான எலி பேஸ்ட் விஷயத்தையே பாருங்கள். சாப்பிட்டவர் முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள், ஈரல் அப்புறம்தான் கெடும். ‘நன்றாக இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்’ என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். அதைச் சொல்ல எந்தப் பெண்ணின் படமும் தேவையில்லை, எவ்வளவு சாப்பிட்டாள், காதல் தோல்வியா கடனா என்ற கதையும் தேவையில்லை. 2002 விதியிலும் பொதுச் சுகாதாரம் பற்றி மருத்துவர் தன் பெயரோடு எழுதலாம், பேசலாம் என்று இருக்கிறது. நம் ஆட்கள் அதை விட்டுவிட்டு வெட்டி எடுத்த கட்டியைத் தராசில் நிறுத்துக் காட்டுகிறார்கள்.

கருப்புக்கோட்டு:
ஐயாவோடு ஒன்று சேர்க்கிறேன், நிர்வாகத்திடம் பேசும்போது டாக்டருக்கு உதவும். 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு பிரபல யூடியூபர் மனைவியின் பிரசவத்துக்குக் கேமராவோடு தியேட்டருக்குள் போய்த் தொப்புள் கொடியை வெட்டி வீடியோ போட்டார். சுகாதாரத் துறை அந்த மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதம் போட்டு பத்து நாள் செயல்படத் தடை விதித்தது. முதலாளிகளுக்கு நெறிமுறை புரியாவிட்டாலும் பத்து நாள் பூட்டு என்றால் புரியும். ஒட்டுமொத்தமாக மறுக்காதீர்கள், “பேஷன்டைக் கேட்கிற வேலையை டாக்டர், சிஸ்டரிடம் கொடுக்காதீர்கள், என் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் 6.1” என்று எழுத்தில் கொடுத்துவிட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை_டியூட்டி:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். பழைய ஸ்டெத் ஐயா, உங்கள் கமெண்ட் உறவுக்காரர் விஷயத்தை எங்கள் பேஜிலேயே தேடிப் பார்த்தேன், முதல் ஐந்து வீடியோவில் மூன்றில் இருக்கிறது. ப்ளர் போட்ட ஒன்றில் பேஷன்டின் மருமகனே வந்து பெயர் சொல்லி டாக்டருக்கு நன்றி எழுதியிருக்கிறார்.

சீஃபிடம் பேசினேன். வக்கீல் சார் சொன்ன மாதிரி 6.1-ஐ அச்செடுத்துக் கொண்டுபோனேன், அவர் அதைப் படித்ததே இல்லையாம். கோபப்படவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. “பக்கத்து ஆஸ்பத்திரிக்காரன் போடுகிறானே” என்றார். கடைசியில் வந்த முடிவு: நானும் சிஸ்டர்களும் இனி யாரையும் கேட்க வேண்டாம். மகப்பேறு, மனநலம், தற்கொலை முயற்சி, எம்.எல்.சி. (போலீஸ் கேஸாகப் பதிவாகிறவை) எதிலும் வீடியோ கிடையாது. மற்றவர்களிடம் தையல் பிரித்த பிறகு ரிசப்ஷனில் இருந்து போன் செய்து கேட்பார்கள், தமிழில் தனி ஃபார்ம். வாரம் ஒன்று சீஃபே உட்கார்ந்து பொது விஷயம் பேசுவார், முதலில் எலி பேஸ்ட், ஐயா சொன்னதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். நன்றி வீடியோவையே நிறுத்த வைக்க என்னால் முடியவில்லை. அதில் என் குரல் வராது, அதுவரைக்கும்தான்.

ஏற்கெனவே போட்டிருக்கிற பழையவற்றில் மகப்பேறு வீடியோக்களை நீக்கச் சம்மதித்திருக்கிறார். பேஜில் அழித்தால் போதுமா?

மகள்_ஒருத்தி:
அழிப்பதற்கு முன்பு அந்தந்த வீட்டுக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள், டாக்டர். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நானே தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளம்பரப்பையன்:
போதாது. எடிட் செய்யாத ஒரிஜினல் ஏஜென்சியின் ட்ரைவில் இருக்கும், எடுத்த பையனின் போனிலும் இருக்கும், இரண்டையும் கேளுங்கள். தனி விளம்பரமாக ஏற்றியிருந்தால் பேஜில் தெரியாமலேயே ஓடிக்கொண்டிருக்கும், ஆட்ஸ் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள். யூடியூப் ஷார்ட்ஸ், ஃபேஸ்புக் இரண்டிலும் அதே வீடியோவை ஏற்றியிருப்பார்கள், பெரும்பாலும் அதை மறந்துவிடுவார்கள். கூகுள் மேப் பக்கத்தில் போட்டோவாக ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். நான் பார்த்துக்கொள்கிற இரண்டு ஆஸ்பத்திரியிலும் ஃபார்ம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. உங்கள் தமிழ் ஃபார்ம் தயாரானதும் இங்கே போடுங்கள், ஆஸ்பத்திரி பெயரை எடுத்துவிட்டு.